அயற்காசும் நம் துட்டும்

சோழர், நாயக்கர் காசுகளையே தேடிச் சேர்த்த நாம், அயல்நாட்டுக் காசுகளை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. விழுப்புரத்துப் பழைய பாத்திரக் கடையொன்றில் எடைக்குக் கிடந்த செப்புக்காசு அவ்வெண்ணத்தை மாற்றியது. ஒருபுறம் பிரெஞ்சு அரச சின்னமான லில்லிமலர். மறுபுறம் தமிழில் ‘புதுச்சேரி’. சந்தையில் புழங்க வேண்டிய காசு சந்தையின் எழுத்தையே தாங்கியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அவ்வூர், திண்டிவனத்துக்கும் நமக்கும் அண்டையூரே. அக்காசைப் பிரெஞ்சுக்காரர் ‘தூதூ’ என்றனர். நம் ‘துட்டு’தான் அது. துட்டு என்னும் சொல்லோ டச்சுச் செப்புக்காசான ‘டொய்ட்’டிலிருந்து வந்ததென்பர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அக்காசையும் பின்னர்ச் சிறுவிலைக்கே வாங்கினோம். நம் எழுத்து அயலார் காசில். அயலார் காசு நம் சொல்லில். பொற்காசுகளை அருங்காட்சியகங்கள் காக்கும். எளியோர் கைகளில் தேய்ந்த இவற்றை, உலையில் உருகுமுன் நாமன்றோ காக்க வேண்டும்?