கையால் கற்றதும் கருத்தால் கற்றதும்: பாயான் லெப்பாஸ் சொல்லும் பாடம்



பினாங்கு வரலாறு என்றதும் நம் மாணவர்கள் பிரான்சிஸ் லைட்டையும் கோர்ன்வாலிஸ் கோட்டையையும் சொல்வார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் வரலாறுதாங்க! பல மாணவர்களுக்கு அது வீட்டு வரலாறும்கூட.

1960களின் இறுதியில் பினாங்கு தள்ளாடிக்கொண்டிருந்தது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பழைய தகுதி பறிபோயிற்று. வேலையில்லாதோர் விகிதம் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 1969இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, வணிகத்தை மட்டும் நம்பினால் போதாது என்று மின்னணுத் தொழிலின் பக்கம் திரும்பினார். அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972இல் பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இங்கேதான் எழுந்தது. 1975இல் அது தீக்கிரையானது, மறுபடியும் கட்டினார்கள்.

இவர்கள் ஏன் வந்தார்கள்? வரிச்சலுகை, குறைந்த கூலி, ஆங்கிலம் தெரிந்த தொழிலாளர்கள். மைக்ரோசிப்பை வடிவமைத்தது வெளிநாட்டில். இங்கே நடந்தது பொருத்தும் வேலை. இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நுண்ணோக்கி வழியே பார்த்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்தார்கள். கை நம்முடையது, தொழில்நுட்பம் அவர்களுடையது.

இங்கேதான் சிக்கல். கூலி மலிவு என்பது மட்டுமே நம் பலம் என்றால், இன்னும் மலிவான ஊர் கிடைத்ததும் கம்பெனி கிளம்பிவிடும், இல்லையா? அதற்குள் கம்பி இணைக்கும் வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. 1985இல் உலகச் சந்தை சரிந்தபோது ஆட்குறைப்பும் வந்தது.

1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. சந்தையில் போட்டி போடும் நிறுவனங்கள் பயிற்சிக்காக ஒரே கூரையின் கீழ் வந்தன. கருவிகளையும் பயிற்றுநர்களையும் பகிர்ந்துகொண்டன. மாநில அரசும் கைகொடுத்தது. இயந்திரத்தை இயக்கியவர்கள் அதைப் பழுதுபார்க்கவும் சீரமைக்கவும் கற்றார்கள். 1990களில் சில்லு வடிவமைப்பு வேலையும் பினாங்கில் வேரூன்றியது. 2000இல் இங்கேயே பிறந்த விட்ரோக்ஸ் நிறுவனம், சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்கிறது.

இயந்திரத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். அதை யார் கற்கப் போகிறார்கள், அடுத்த படி எது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதுதான் தொழில்நுட்பத்தை நிர்வகிப்பது. பினாங்கில் அந்தக் கல்விக்குக் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் பிடித்தன. இன்று செயற்கை நுண்ணறிவு நம் மாணவர்களுக்கு அவ்வளவு அவகாசம் தருமா என்பது சந்தேகமே.

இதை வகுப்பில் இப்படிப் பயன்படுத்திப் பாருங்கள். தொழிற்சாலையில் வேலை செய்த பாட்டி, அத்தை, மாமா என யாரையாவது மாணவர்கள் நேர்காணல் செய்யட்டும். மூன்று கேள்விகள் போதும்: முதல் நாள் என்ன வேலை செய்தீர்கள்? புது இயந்திரம் வந்தபோது அந்த வேலை என்னவாயிற்று? உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? விடைகளை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு “யாருமில்லை” என்ற பதில் வந்தால், அதைத் தவறாமல் வகுப்பில் பேசுங்கள்.