மேற்கோளில் பதியாத அறிவு: ஹைதராபாத் மருந்துத் தொழில் குறித்து ஒரு மறுவாசிப்பு

நிறுவனங்களும் ஆய்வகங்களும் ஓரிடத்தில் நெருங்கி அமைந்தால் ஆய்வின் உற்பத்தித்திறன் உயரும் என்று வாதிடும் மரபு, காப்புரிமை ஆவணங்களின் மேற்கோள்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. ஒருவர் தம் ஊர்க்காரரின் காப்புரிமையை மேற்கோள் காட்டினால், அறிவு அவரிடமிருந்து இவருக்கு வந்ததாகப் பொருள். இதே அளவுகோலை ஹைதராபாத்தின் மூலமருந்துத் தொழிலில் வைத்தால், உலக வணிக உடன்படிக்கைக்கு முந்தைய காலம் ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமை சான்றின் குறையே என்பது என் வாதம்.

அமெரிக்கக் காப்புரிமைகளில், அலுவலகப் பரிசோதகர் சேர்த்த மேற்கோள்கள் 2001 முதல் தனியே குறிக்கப்படுகின்றன. அவற்றின் பங்கு மிகப் பெரிது. கண்டுபிடிப்பாளர் படித்தேயிராத ஆவணமும் அவர் பெயரில் மேற்கோளாகிவிடுகிறது. ஆயினும் இதைப் புள்ளியியல் திருத்தத்தால் ஓரளவு சரிக்கட்டலாம். எந்தத் திருத்தத்துக்கும் அடங்காதது சட்டம் உண்டாக்கிய மௌனம். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதுவும் முத்திரையிட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகள் அல்லது காப்புரிமை நாளிலிருந்து 7 ஆண்டுகள், இவற்றில் எது குறைவோ அது. இவ்வளவு குறுகிய காப்புக்காக வினையூக்கியையும் வெப்பநிலையையும் ஊரறிய எழுதித்தர எந்த வேதியியலாளர் முன்வருவார்? செய்முறை அறிவு மனிதர்களிடம் தங்கியது. அவர்கள் வேலை மாறியபோது கூடவே மாறியது.

பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். 1961இல் தொடங்கப்பட்டது. சோவியத் உதவியோடு ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலை, சென்னையில் அறுவைக் கருவி ஆலை, ஹைதராபாத்தில் செயற்கை மருந்து ஆலை என மூன்றும் எழுந்தன. தாய் நிறுவனம் ஒன்றே; ஆனால் தனியார் மூலமருந்து நிறுவனங்கள் பெருங்கூட்டமாகக் கிளைத்தது ஹைதராபாத்தில்தான். அங்கிருந்த ஐ.டி.பி.எல். ஆலையில் பணியாற்றி வெளியேறிய அஞ்சி ரெட்டி, பிற முயற்சிகளுக்குப் பின் 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். நொதித்தல் ஆலைக்குப் பெருமுதல் வேண்டும், செயற்கை மருந்தைச் சில கலன்களோடு தொடங்கிவிடலாம் என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. இந்த ஒப்பீடு தூய சோதனையாகாது. இருந்தும், வட்டார ஆராய்ச்சி ஆய்வகமும் (இன்றைய இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்) உஸ்மானியா பல்கலைக்கழகமும் அருகிருந்ததை மலிவான கலன்களால் மட்டும் ஈடுசெய்திருக்க முடியாது.

அப்படியானால் நெருக்கமே வென்றதா? அதே ஆய்வகத்தின் ஜிடோவுடின் செய்முறை இதற்கு இடம் தரவில்லை. ஏ.வி. ராமராவ் தலைமையில் உருவான அந்த எய்ட்ஸ் மருந்துச் செய்முறை அண்டை நிறுவனங்களைத் தாண்டி மும்பையின் சிப்லாவுக்குப் போனது. ராமராவ் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஹைதராபாத் வந்தவர். அஞ்சி ரெட்டி முனைவர் பட்டம் பெற்றதும் அந்தப் புனே ஆய்வகத்தில்தான். ஹைதராபாத்தின் உறவுகளைப் பின்தொடர்ந்தால் நகர எல்லைக்குள் நிற்க முடிவதில்லை. ஊர் அந்த வலையின் ஒரு முடிச்சு. முடிச்சை மட்டும் அளந்துவிட்டு வலையை அளந்ததாகச் சொல்வது பிழை.

இவையெல்லாம் நகலெடுப்பு, ஆய்வாகாது என்ற மறுப்பு நெடுங்காலமாக உண்டு. காப்புரிமை பெற்ற வழியை விலக்கி, குறைந்த படிகளில், கூடுதல் விளைச்சலோடு அதே மூலக்கூறை எட்டுவது ஆய்வு இல்லையென்றால் செய்முறை வேதியியல் என்ற துறையே இல்லை. இதற்குமேல் அதில் வாதிக்க ஒன்றுமில்லை.

1999இல் அறிவிக்கப்பட்ட ஜீனோம் பள்ளத்தாக்கு போன்ற திட்டங்கள், நெருக்கத்தை நிலமாக ஒதுக்கித் தந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. அந்த நம்பிக்கையைச் சோதிக்க வேறு சான்றுகள் தேவை: ஐ.டி.பி.எல்.லின் பணிப் பதிவேடுகள், புதிய நிறுவனங்களின் முதல் இயக்குநர் பட்டியல்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகள். ஐ.டி.பி.எல். 1990களிலேயே நலிவுற்றது; ஆகவே அதன் பதிவேடுகளைத் தேடிச் சேர்க்கும் பணியை இத்துறை உடனே தொடங்க வேண்டும்.