எஞ்சின் கழிவு வெப்பத்தில் குளிரூட்டல்: செயல்படுவது எப்படி?

பால், மீன், காய்கறி ஆகியவற்றை ஏற்றிச்செல்லும் குளிர்பதன லாரிகளில், சரக்குப் பெட்டியைக் குளிர்விப்பதற்கென்றே கூடுதலாக டீசல் செலவாகிறது. அதே லாரியின் எஞ்சின் எரிக்கும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, புகைபோக்கி வழியே வெப்பமாக வெளியேறுகிறது. ரேடியேட்டர் வழியாகவும் பெருமளவு வெப்பம் காற்றில் கலக்கிறது. இந்த வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்க இயலும்.

இதற்கான உறிஞ்சல் முறை புதியதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் கார்ரே, அம்மோனியாவும் நீரும் கொண்டு இம்முறையில் இயங்கும் இயந்திரத்தை 1859-ஆம் ஆண்டிலேயே உருவாக்கினார். வழக்கமான குளிர்சாதனத்தில் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் இதில் இல்லை. அம்மோனியா வாயுவை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அக்கரைசலைச் சிறிய பம்பு உயர் அழுத்தத்துக்குச் செலுத்துகிறது. அங்கு வெப்பம் பட்டதும் அம்மோனியா பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, பின்னர் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. திரவத்தை அழுத்த மிகக் குறைந்த ஆற்றலே போதும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

லித்தியம் புரோமைடு கரைசலைப் பயன்படுத்தும் மற்றொரு வகையும் உண்டு. அதில் குளிரூட்டும் பொருள் நீரே என்பதால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே செல்ல இயலாது. கட்டடங்களின் ஏ.சி.க்கு அது ஏற்றது. மீனை உறைய வைக்க உதவாது.

இத்தனை இருந்தும் லாரிகளில் இம்முறை பரவவில்லை. நெரிசலிலோ, சரக்கு இறக்கும் இடத்திலோ லாரி நிற்கும்போது வெப்பம் குறைந்துவிடுகிறது. குளிரின் தேவை குறைவதில்லை. கருவியின் எடையும் பருமனும் அதிகம். வெப்பப் பரிமாற்றியில் கரி படிகிறது. புகை வெளியேறத் தடை ஏற்பட்டால் எஞ்சினின் திறனே குன்றும். புகையை மிகுதியாகக் குளிர்வித்தால், எரிபொருளிலுள்ள கந்தகம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், இந்த ஒரு சிக்கல் மட்டும் தணிந்துள்ளது.

எனவே, இடைவிடாது இயங்கும் தொழிற்சாலை ஜெனரேட்டர்களே இம்முறைக்குப் பொருத்தமானவை. எஞ்சின் புகையில் இயங்கும் குளிரூட்டிகளைப் புனேயின் தெர்மாக்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது.

கரையிலிருந்து ஐஸ் ஏற்றிச்செல்லும் விசைப்படகுகளில், ஐஸ் தாங்கும் நாள்களே கடலில் தங்கும் காலத்தை முடிவு செய்கின்றன. அங்கே எஞ்சின் பல மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது. குளிர்விக்கக் கடல்நீரும் உண்டு. எனினும், படகு ஆடும்போது கரைசலின் மட்டம் குலையாமல் காப்பதும், நச்சு வாயுவான அம்மோனியா கசிந்து தொழிலாளர் தங்குமிடத்துக்குள் புகாமல் தடுப்பதும் எளிதன்று.