கயிறு மாறிய குதிரை



சிவாலயங்கள் பலவற்றில் பெருவிழாவின் எட்டாம் நாள் பெருமான் குதிரை வாகனத்தில் எழுந்தருளுகின்றார். வாகனத்தின் சேணத்தையும் கடிவாளத்தையும் கண்டு மகிழும் நாம், அவ்விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு யாது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வுறவின் வரலாற்றைச் செங்கற்பட்டு நாட்டில் நின்று சிறிது நோக்குவோம்.

பண்டைத் தமிழகத்தில் உயர்ந்த குதிரை என்பது கடல் கடந்து வந்த செல்வம். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படை பாடினார். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரிமயிர் உடைய குதிரைகள் மரக்கலங்களில் வந்ததை அந்நூல் கூறுகின்றது. அத்துறை இன்றைய மாமல்லபுரக் கடற்கரையைச் சார்ந்தது என்பது அறிஞர் சிலர் கருத்து.

இவ்வாணிகம் பின்னர்ப் பாண்டி நாட்டில் பெருகிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அங்குள்ள மன்னன் ஒருவன் மட்டுமே ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் எழுதி வைத்துள்ளார். பேணத் தெரிந்தவர் இல்லாமையும், இறைச்சியோடு சமைத்த சோற்றை அவற்றுக்கு ஊட்டியமையும் அவர் கூறும் காரணங்கள். பொன் இருந்தது, குதிரையை அறிந்த நெஞ்சம் இல்லை.

இங்கே திருவாதவூரர் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது. குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் தந்த பொருளை அவர் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டார். பெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரைச் சேவகராய் மதுரைக்கு நடத்தி வந்தார். விற்பவன் கையிலுள்ள கயிறு வாங்குபவன் கைக்கு மாறினால் வாணிகம் முடிந்தது என்பது அக்கால மரபு. கயிறு மாறிற்று, மன்னன் மகிழ்ந்தான். அன்றிரவே பரிகள் நரிகளாயின. இலாயத்தில் முன்பே இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கயிறு கைமாறியது, ஆயினும் குதிரை மன்னனுடையதாகவில்லை. இத்திருவிளையாடலின் உட்பொருள்கள் பல. விலைகொடுத்துக் கயிற்றைப் பெறலாம், உயிரைப் பெறலாகாது என்பதும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளத்தகும்.

அங்ஙனமாயின் குதிரை எவ்வாறு ஒருவனுக்கு உரியதாகும்? பழைய நூல்கள் விடை பகர்கின்றன. கௌடிலியரின் அர்த்த சாத்திரம் குதிரைப் பயிற்சியை வட்டமிடல், மெல்ல நடத்தல், தாண்டல், பெருநடை, குறிப்பறிந்து இயங்கல் என ஐவகையாக வகுக்கின்றது. ஊர்பவனின் குறிப்பை உணர்ந்து குதிரை தானே இயங்குவது ஒரு தனிக்கலையாக அங்கே எண்ணப்பட்டது. மருத்துவத்தில் தவறி நோயை முற்றவிட்டவனுக்குச் சிகிச்சைச் செலவின் இருமடங்கு தண்டம் விதிக்கவும் அந்நூல் மறக்கவில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் என்னும் நூலைத் தஞ்சை சரசுவதி மகால் 1952இல் அச்சிட்டுள்ளது.

கிரேக்க நாட்டிலும் இக்கருத்து விளங்கிற்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனோபன், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றார். அது ஒரு பொருளைக் கண்டு மருண்டால் அடித்தல் ஆகாது; ஊர்பவன் தானே அப்பொருளைத் தொட்டுக் காட்டி, மெல்ல அருகே கொண்டு செல்லவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். நற்பயிற்சியின் நுட்பமும் இதுவே. கடிவாளத்தை மெல்ல இழுக்கின்றான். குதிரை இசைந்தவுடன் தளர்த்துகின்றான். அத்தளர்வே குதிரைக்குப் பரிசு. அடி அச்சத்தை வளர்க்கும். தளர்வு நம்பிக்கையை வளர்க்கும்.

நம் பெரியபுராணம் இதன் உச்சத்தைக் காட்டுகின்றது. நம்பியாரூரர் வெள்ளானை மீது கயிலை செல்வதை உள்ளத்தால் உணர்ந்த சேரமான் பெருமாள் நாயனார், தம் குதிரையில் ஏறி, அதன் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் எழுந்து, தோழரின் யானையை வலம்வந்து முன்னே சென்றது. மன்னர் அதனைச் சாட்டையால் செலுத்தினாரில்லை. தாம் பெற்ற மந்திரத்தை அதற்கும் பகிர்ந்தார். தாம் போகும் கதிக்கு அதனையும் உடன்கொண்டார்.

மணிவாசகப் பெருமான் பதிகம் பாடிய திருக்கழுக்குன்றம் மாமல்லபுரத்திற்கு அண்மையில் உள்ளது. மலைமீது வேதகிரீசரைத் தொழுத அன்பர்கள் பலர் அடுத்துக் கடற்கரைக்குச் செல்கின்றனர். ஆங்கே மணலில் சவாரிக்குக் குதிரைகள் நிற்கின்றன. அவற்றை நடத்துவோர்க்கு அதுவே பிழைப்பு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நோயுற்ற, புண்பட்ட விலங்கை வேலைவாங்குவதைக் குற்றம் என்கின்றது. சட்டம் எங்கும் நின்று காவல் காக்க இயலுமா? குழந்தையை ஏற்றுமுன் நாம் பார்க்கலாம்: சேணத்தின் கீழ்ப் புண் உண்டா, கால் நொண்டுகின்றதா, நிழலும் நீரும் கிடைத்தனவா என்று. குறை கண்டால் ஏறாதிருப்போம். நன்கு பேணுபவருக்குக் கூலியோடு ஒரு நல்ல சொல்லும் தருவோம்.

காசு கொடுத்த அச்சிறு பொழுதுக்குக் கயிறு நம் கைக்கு மாறுகின்றது. அக்கயிற்றின் மறுமுனையில் இருப்பதும் பசுபதியின் உயிர்களுள் ஒன்றன்றோ!

திருச்சிற்றம்பலம்.