பாலைவனத்தில் ஒரு மீன் வழக்கு

லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு காரை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாகக் கிழக்கே கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. தண்ணீர் வேண்டும். நிறைய வேண்டும். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊர் சந்தடி எல்லாம் அடங்கி, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா வந்துவிடும்.

இது பூங்கா ஆனதே ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால்தான். மினர்வா ஹாய்ட். பசடேனாவின் பெரிய வீட்டுப் பெண். வீட்டுத் தோட்டத்தில் வைக்கிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குக் கள்ளிச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போனதைப் பார்த்துக் கொதித்துப் போனார். நியூயார்க், லண்டன் என்று ஊர் ஊராகப் பாலைவனத்தைக் கண்காட்சியாகக் கொண்டுபோய் வைத்தார். 1936ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போடும்வரை ஓயவில்லை.

இங்கே ஒரு விஷயம். நிறுத்திய காரைத் திரும்பக் கிளப்புமுன் குனிந்து அடியில் பாருங்கள். நிழல் தேடி வந்த பாலைவன ஆமை அங்கே ஹாயாக உட்கார்ந்திருக்கலாம். ஐயோ பாவம் என்று தூக்கிவிடாதீர்கள். அடுத்த மழை வரைக்கும் தாங்குவதற்காக அது தன் மூத்திரப்பையில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். பயத்தில் அத்தனையையும் கொட்டிவிடும். உங்கள் கருணையே அதற்கு எமன்.

அங்கிருந்து வடக்கே, மொஹாவேயைக் குறுக்காகக் கடந்தால் டெத் வேலி. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். 1880களில் இங்கிருந்து போராக்ஸ் உப்பை வண்டியில் ஏற்றி 265 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள். ‘இருபது கோவேறு கழுதை’ என்று அதற்கு பிராண்ட் பெயர் வைத்துப் பிரபலப்படுத்தியவர் ஸ்டீபன் மாத்தர். (நிஜத்தில் பதினெட்டு கழுதை, இரண்டு குதிரை. விளம்பரத்தில் யார் எண்ணுகிறார்கள்?) இதே மாத்தர்தான் பின்னாளில் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர். 1933ல் டெத் வேலி பாதுகாக்கப்பட்ட பகுதியானபோது அவர் உயிரோடு இல்லை.

சாலையோரம் ஒரு கயோட்டி நரி உங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். பிஸ்கட் போடாதீர்கள். பழகிவிட்டால் அது வேட்டையை மறந்து சாலையிலேயே நின்று அடிபட்டுச் சாகும்.

இனிமேல்தான் விஷயமே. எல்லை தாண்டி நெவாடாவுக்குள் போனால், ஒரு குன்றின் அடியில் வேலி போட்ட பள்ளம். பெயர் டெவில்ஸ் ஹோல். பிசாசுப் பொந்து! உள்ளே சுமார் 33 டிகிரி வெந்நீர். நூற்றைம்பது மீட்டருக்கு மேல் ஆழம். அடி எங்கே என்று இதுவரை யாரும் கண்டதில்லை. அதன் விளிம்பில் ஓர் அறை அளவுக்கு ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் ஆழமில்லாத தண்ணீர். ஒரு அங்குலம்கூட இல்லாத ஒரு நீல மீன் சாப்பிடுவது, முட்டையிடுவது எல்லாம் அந்தத் திட்டில்தான். உலகத்தில் இயற்கையாக வேறெங்கும் அந்த மீன் கிடையாது.

1952ல் ஜனாதிபதி ட்ரூமன் இந்தப் பள்ளத்தை டெத் வேலியோடு சேர்த்தார். 1968ல் பக்கத்துப் பண்ணைக்காரர்களான காப்பேர்ட் குடும்பத்தினர் நிலத்தடி நீரை பம்ப் வைத்து உறிஞ்சத் தொடங்கினார்கள். பள்ளத்தின் சுவரில் 1962லேயே ஒரு செம்பு வாஷரைப் பதித்து வைத்திருந்தார்கள். 1968 வரை அதற்கு 1.2 அடி கீழே இருந்த நீர்மட்டம், 1972ல் 3.93 அடிக்கு இறங்கிவிட்டது. திட்டு காயத் தொடங்கியது.

கேஸ் போட்டது மத்திய அரசு. பண்ணைக்காரர்கள் தரப்பையும் சும்மா சொல்லக்கூடாது. பன்னிரண்டாயிரம் ஏக்கர், எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை. எதிரே சில நூறு மீன். ‘மீனைக் காப்பாற்று’ என்று சில கார்களில் ஸ்டிக்கர். ‘மீனைக் கொல்லு’ என்று சில கார்களில். 1976ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பள்ளத்தை அரசு ஒதுக்கியபோதே, அதைக் காக்கத் தேவையான தண்ணீரையும் சேர்த்துத்தான் ஒதுக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு பம்ப் வைத்தவன், மீனுக்கு மிஞ்சியதைத்தான் எடுக்கலாம். வாஷருக்கு 2.7 அடி கீழே என்று கடைசியில் ஒரு கோடு கிழித்தார்கள்.

மீன் பிழைத்தது. ஆனால் நிம்மதியாக இல்லை. 2013ல் வெறும் 35. 2016ல் குடிபோதையில் மூன்று பேர் வேலி தாண்டிக் குதித்து அட்டகாசம் செய்ததில் ஒரு மீன் செத்தது. அதற்காக ஒருவர் ஜெயிலுக்கே போனார். 2024 வசந்தகாலத்தில் எண்ணிக்கை 191 ஆனது. அப்பாடா என்றிருந்தபோது, அந்த டிசம்பரிலும் 2025 பிப்ரவரியிலும் எங்கோ தொலைவில் நிலநடுக்கம். பள்ளத்துத் தண்ணீர் எழும்பி அடித்து, பாசியையும் முட்டைகளையும் திட்டிலிருந்து வாரிக்கொண்டு போனது. எண்ணினால் 38.

நல்லவேளை, பக்கத்திலேயே இந்தப் பள்ளத்தின் அச்சு அசல் மாதிரியாக ஒரு கான்கிரீட் தொட்டி கட்டி, அதிலும் மீன் வளர்க்கிறார்கள். அங்கிருந்து 19 மீன்களைக் கொண்டுவந்து பள்ளத்தில் விட்டார்கள். நீங்கள் போனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். மறக்காமல் பைனாகுலர் எடுத்துப் போங்கள்.