தொடக்க வகுப்புகளில் படப் புத்தகங்கள்: ஆண்டிபட்டி வட்டாரம்

படமும் எழுத்தும் பங்கு போட்டுக்கொண்டு கதை சொல்லும் சிறுவர் நூலே படப் புத்தகம். பெரும்பாலும் 16 முதல் 32 பக்கங்களுக்குள் முடிந்துவிடும். படம் போட்ட புத்தகம் எல்லாம் இந்த வகையில் சேராது. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தாலும் கதை குறையில்லாமல் புரிகிறது என்றால், அது படம் சேர்த்த கதை நூல்தான். பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ நூலில் இருப்பது மொத்தம் 32 ஆங்கிலச் சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி வந்து வீடு திரும்புகிறது, எழுத்தில் அவ்வளவுதான் செய்தி. அதைப் பிடிக்கப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு முறையும் அடிபடும் நரியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. நரி படத்தில் மட்டுமே இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நரியைக் கண்டுபிடித்துவிடும். எழுத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போகும் ஆசிரியர் தவறவிடுவார்.

பாடநூலில் படம் புகுந்த கதை பழையது. கல்வியாளர் கொமீனியஸின் படவழிப் பாடநூல் 1658-இல் நியூரம்பர்க்கில் அச்சானது. இந்தியாவில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை தொடங்கிய சிறுவர் நூல் அறக்கட்டளையும், மத்திய அரசின் தேசியப் புத்தக அறக்கட்டளையும் 1957-இல் பிறந்தவை. தமிழ் வாசகர்களுக்கு அவற்றுக்கு இணையாக நினைவிருப்பது, மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் குறைந்த விலைக்கு வந்த சோவியத் சிறுவர் நூல்கள். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. சென்னையில் தாரா, துலிகா பதிப்பகங்கள் 1990-களில் தோன்றின. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2004-இல் தொடங்கி, 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழி நூல்களை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் படத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது செயல்வழிக் கற்றல் முறை. எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08-இல் மாநிலமெங்கும் பரவியது. கற்றல் அட்டையில் படம், கீழே அதன் பெயர். எழுத்தைப் பிடிக்க அது உதவியது, ஐயமில்லை. ஆனால் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டு, “ஆடு டீச்சர்” என்று பதில் வந்ததும் அடுத்த அட்டைக்குப் போகும் பழக்கத்தையும் அது ஊன்றிவிட்டது. கதை நூலையும் அப்படியே கையாளும் வகுப்புகள் இன்றும் நிறைய உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பறையில் கதைக்களம், வாசிப்புக் களம் என்று தனி இடங்களை ஒதுக்கியது. 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் மெல்லிய படக்கதை நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆகவே புத்தகம் இல்லை என்ற குறை ஓரளவு தீர்ந்திருக்கிறது. எதை எடுப்பது, எப்படி விரிப்பது என்பதில்தான் வேலை பாக்கி.

தேர்வு

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, வருசநாடு பகுதிகளின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் தேர்வுக்கான அளவுகோல்கள் தெளிவாகும். முதலாவது எழுத்து. ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பதில் 11 எழுத்துகள். ‘ஓடுகிறது’ என்றால் 5. ‘கொ’ என்ற ஓரெழுத்தில் ஒரு குறி முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேதான் தடுக்கி நிற்கும். ஒன்றாம் வகுப்பு நூலில் சொல்லை வரி ஓரத்தில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஆசிரியர் வாசித்துக் காட்டும் நூலாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளை கையில் தனியே படிக்கக் கொடுக்கக் கூடாது. மொழிபெயர்ப்பு நூல்களில் இந்தக் கோளாறு அதிகம்.

இரண்டாவது, வீட்டுப் பேச்சு. இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி. நூலில் இருவரும் ‘பாட்டி’. இதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எழுத்துத் தமிழ் இன்னும் ஓரடி தள்ளியிருக்கிறது. படத்தில் கிழவியைப் பார்த்துத் தன் சொல்லால் பெயரிட்ட பிறகு அச்சில் ‘பாட்டி’யைச் சந்திப்பது எளிது. ஸ்டோரிவீவர் நூல்களை மாற்றி அமைக்க உரிமம் இடம் கொடுப்பதால், ஆசிரியர் அந்தச் சொல்லையே மாற்றி அச்செடுத்துக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவது, ஊர். சிறுவர் நூல் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். கிராமம் என்றாலே ஓலைக் குடிசை, தென்னை, மாட்டு வண்டி என்று வரைந்து தள்ளும் நூல் ஆண்டிபட்டிக்குக் கண்ணாடி ஆகாது. இங்கே கண்ணில் படுவது கரடு, காற்றாலை, மல்லிகைத் தோட்டம், வைகை அணை. டி. சுப்புலாபுரம், சக்கம்பட்டிப் பக்கம் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். நெசவாளர் வீட்டுப் பிள்ளையிடம் தறிப் படம் உள்ள நூலைக் கொடுத்தால் முதலில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைத் தேடும், அதில் நூல் சுற்றிய தார் இல்லையென்றால் “இத வச்சு எப்படி நெய்வாங்க?” என்று கேட்கும். படம் தப்பாக இருப்பதும் அந்த நேரத்தில் பாடம்தான். அதற்காக எல்லாப் புத்தகமும் உள்ளூரைப் பற்றியே இருக்க வேண்டும் என்பது சரியல்ல; கடலைப் பார்க்காத பிள்ளைக்குக் கடலும் வேண்டும்.

வகுப்பில்

இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவரே மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார். சிறிய நூலைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. இதற்காகத்தான் நியூசிலாந்தின் டான் ஹோல்டவே பெரிய அளவு நூல்களைக் கொண்டு கூட்டு வாசிப்பை வளர்த்தார். 1979-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். பெரிய நூல் இல்லாத இடத்தில் பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக நெருக்கி உட்காரவைப்பதே வழி.

அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ (துலிகா, 2010) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. முதல் வாசிப்பில் ஆசிரியர் அட்டையைக் காட்டிச் சற்று நேரம் பேசாமல் இருக்கலாம். தும்மல் பக்கத்தைப் புரட்டும் முன் நிறுத்தினால் வகுப்பே தும்மிவிடும். அந்த ஆரவாரத்தை அடக்காமல் விடுவது நல்லது. ஒலிக்குறிப்புச் சொல்லை அச்சில் தேடிக் கண்டுபிடிக்கும் ஆவல் அதிலிருந்துதான் வருகிறது. கேள்வி ‘இது என்ன’ என்பதோடு நின்றால் ஒற்றைச் சொல்தான் விடை. ‘அடுத்து என்ன ஆகும்’, ‘உனக்கு எப்படித் தெரிஞ்சது’ என்று போனால் பிள்ளை படத்தைச் சாட்சிக்கு இழுத்து முழு வாக்கியம் பேசும். அதே நூலை மறுநாளும் வாசிக்க வேண்டும்; பிள்ளைகள் சலிப்பதில்லை, சலிப்பது பெரியவர்கள்தான். கதை முடிந்ததும் நீதி கேட்பதைக் கைவிட்டால் பாதிக் கதை பிழைக்கும்.

பெரிய இடையூறு பீரோ. இருப்புப் பதிவேட்டில் ஏறிய நூல் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை புரட்டும் நூல் கிழியத்தான் செய்யும். பின் அடித்த நடுமடிப்பு முதலில் விடும். பின்னை எடுத்துவிட்டு நூல்கயிற்றால் தைப்பது, அட்டை ஓரத்தில் செலோ டேப் ஒட்டுவது, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டி நூல்களைத் தொங்கவிடுவது என்று ஆசிரியர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஏ4 தாள் இரண்டை மடித்துத் தைத்தால் எட்டுப் பக்கம். பூப்பறிப்பு, தறி, அணை என்று பிள்ளைகள் வரைந்து, தாங்கள் சொல்லும் வரியை ஆசிரியரை எழுதச் சொல்லி உருவாக்கும் அந்த நூல்களும் அதே கயிற்றில் தொங்கலாம். அவற்றுக்கு இருப்புப் பதிவேடு கிடையாது.