‘அன்’ விகுதி வாங்கிய கப்பல்

காலை எட்டு மணிக்கு முன்பே ஆம்பூரில் ஷூ கம்பெனி பேருந்துகள் வரிசை கட்டிவிடும். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு விரைவார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் போன இருவரில் இளையவள் மூத்தவளிடம் சொன்னாள்: “சீக்கிரம் வாக்கா, கேட்டாண்டயே எம்டன் நிக்குது.”

நின்றவர் அப்பர் தைக்கும் வரிசையின் சூப்பர்வைசர்.

இந்தப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். தோல் ஷாப்பில் யாரையும் உட்கார விடாத மேஸ்திரி ஒரு எம்டன். தோலை விரலால் தடவிப் பார்த்தே குறையைக் கண்டுபிடித்து, விலையை இறக்கிவிடும் வியாபாரி இன்னொரு எம்டன். வீட்டில் மீசையோடு ஒரு எம்டன் இருந்தால் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். மூவருக்கும் பொதுவானவை மூன்று: எப்போது வருவார் என்று தெரியாது, எப்படி ஏமாற்றுவார் என்று தெரியாது, வந்தால் தப்ப முடியாது.

சிலர் இதை எமனோடு சேர்த்துவிடுகிறார்கள். எமன் வந்தான், எம்டன் ஆனான் என்று கதை முடிந்துவிடுகிறது. ஒலி ஒத்துப்போவதால் பொருளும் ஒத்துப்போனதாக நினைப்பது சொல்லாராய்ச்சியில் பழைய பள்ளம். எம்டனுக்கு எருமை வாகனம் கிடையாது. அதற்குப் புகைபோக்கி இருந்தது.

ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், எம்டன் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அதன் பழைய பெயர் அமுதோன். ‘அ’ என்பது அங்கே ஓடிய சிற்றாற்றைக் குறிக்கும். பின்பகுதி ஆற்றின் வாயைக் குறிக்கும். தமிழில் சொன்னால் முகத்துவாரம். யாரையும் மிரட்டாத, சேறும் மீனும் மணக்கும் பெயர். ஊர்ப்பெயரைப் போர்க்கப்பலுக்கு வைப்பது ஜெர்மன் கடற்படை வழக்கம். அப்படி 1908இல் நீரில் இறக்கப்பட்ட ஒரு குரூசருக்கு இந்தப் பெயர் விழுந்தது.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படையிலிருந்து தனியே பிரிந்து வங்கக் கடலுக்குள் நுழைந்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியும்படி செய்தார்கள். ஆம்பூர் வியாபாரிக்கு இன்று நாம் சூட்டும் பட்டத்தில் இருக்கும் ‘தந்திரம்’ அந்த நான்காவது புகைபோக்கியிலிருந்து வந்தது.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நவராத்திரி நாட்கள். சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரவு ஒன்பதரை மணி வாக்கில் கடலிலிருந்து ஒரு வெளிச்சம் துறைமுகத்துப் பர்மா ஆயில் கம்பெனி தொட்டிகள் மேல் விழுந்தது. பின்னாலேயே குண்டுகள் வந்தன. சுமார் 125 குண்டுகள். எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் சுதாரிப்பதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. குண்டு விழுந்த நினைவுக் கல் இன்றும் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது.

இழப்பை எண்ணிப் பார்த்தால் பெரிய போர் அல்ல. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை இருக்கும்வரை கடல் பக்கம் பயமில்லை என்று நம்பியிருந்த ஊர் அது. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டுக் கிளம்பினார்கள். ரயில்கள் நிரம்பின. உள்நாட்டுக்குப் போகும் முக்கியத் தடங்களில் ஒன்று அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாகப் போவது. பயந்தவர்கள் மூட்டையோடு அந்தப் பெயரையும் தூக்கி வந்திருப்பார்கள்.

வட ஆர்க்காட்டுத் தோல்காரர்களுக்கு அது வெறும் வதந்தி அல்ல, தொழில் செய்தி. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட இவர்கள் தோல் சென்னைத் துறைமுகம் ஏறித்தான் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. எம்டன் உலவிய வாரங்களில் சரக்குக் கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. போர் நீண்டபோது கதை தலைகீழானது. ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்தின் மாட்டுத்தோல் தேவைப்பட்டது. 1916இல் அதன் ஏற்றுமதியை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. போருக்கு முன் இந்தியப் பச்சைத்தோல் வாங்குவதில் முன்னணியில் இருந்தவர்கள் ஜெர்மானியர்கள். போரில் அவர்கள் கடை மூடியது. ஆவாரம்பட்டைத் தோலுக்குக் கிராக்கி ஏறியது. அச்சத்தையும் ஆதாயத்தையும் ஒரே போர் கொண்டுவந்த ஊர்களில் ஒரு பகைக் கப்பலின் பெயர் வெறும் வசவாக நிற்காமல், பாதி வியப்போடு சொல்லும் பட்டமாக மாறியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கேள்வி அதுவல்ல. எம்டனை அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அடித்து நொறுக்கிய ஆஸ்திரேலியக் கப்பலின் பெயர் சிட்னி. வென்றது அதுதான். “அவன் பெரிய சிட்னி” என்று யாரும் சொல்வதில்லையே, ஏன்?

விடை இலக்கணத்தில் இருக்கிறது. ஜெர்மானியர் வாயில் அந்தப் பெயரின் கடைசி அசை ‘டென்’னுக்கும் வெறும் மெய்க்கும் நடுவே மங்கி ஒலிக்கும். தமிழில் எழுதும்போது அது ‘டன்’ ஆயிற்று. ‘அன்’ என்று முடியும் சொல்லைக் கேட்டதும் தமிழ்க் காது அதை ஆண்பால் என்று எடுத்துக்கொள்ளும். கள்வன், எத்தன், முரடன், அந்த வரிசையில் எம்டன். ஆங்கிலேய மாலுமிக்குக் கப்பல் பெண். தமிழ் இலக்கணத்தில் அது அஃறிணை. இந்த ஒரு கப்பல் மட்டும் விகுதியின் தயவால் திணை மாறி ஆளானது. சிட்னிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இன்னொரு தடயமும் உண்டு. தமிழில் மகர மெய்யை அடுத்து டகரம் வராது. தொல்காப்பியம் வகுத்த மெய்ம்மயக்க விதியில் அதற்கு இடமில்லை. ஆகவே ‘ம்ட’ என்ற கூட்டே இது வந்தேறி என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. மலையாளம் அந்த நெருடலைச் சரிசெய்துகொண்டது: நடுவில் உயிரெழுத்தைச் செருகி, இன எழுத்தையும் சேர்த்து ‘எமண்டன்’ என்றாக்கியது. அங்கே பொருளும் பருத்து, ‘மிகப் பெரிய’ என்றாயிற்று. சிங்களத்திலும் முரட்டுத்தனமும் சூழ்ச்சியும் கொண்டவரைக் குறிக்க இதே பெயர் உண்டு. தமிழோ உச்சரிப்பின் முள்ளை எடுக்காமலே வைத்துக்கொண்டது. சொல்லும்போது உதடு மூடி, நாக்கு மேலே மடிந்து ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தட்டு பொருளுக்குப் பொருந்தித்தான் போகிறது.

இந்திய விடுதலைக்காக ஜெர்மனியில் இயங்கிய செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற நம்பிக்கையும் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஒரு சொல் மக்களுக்குப் பிடித்துப்போனால் அதற்குச் சொந்தக்காரனையும் தேடித் தருவார்கள்.

ஜெர்மனியிலும் அந்தப் பெயர் மனிதரைத் தொற்றிக்கொண்டது, வழிதான் வேறு. உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரின் பின்னால் ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். பிள்ளைகளுக்கும் அது வரும். நாம் ஊர்ப்பெயரை முன்னால் போடுகிறோம். அவர்கள் கப்பல் பெயரைப் பின்னால் போட்டார்கள். கப்பலில் டார்பிடோ அதிகாரியாக இருந்த ராபர்ட் விட்டெஃப்ட், விட்டெஃப்ட்-எம்டன் ஆனார். அடுத்த போர் மூண்டபோது அவர் வாஷிங்டன் ஜெர்மன் தூதரகத்தில் கடற்படை அதிகாரி. ஒரே ஆள் கையெழுத்தில் இரண்டு உலகப்போர்கள்.

கப்பல்களுக்கும் அந்தப் பெயர் தொடர்ந்தது. 1925இல் நீரில் இறங்கிய மூன்றாவது எம்டன் 1940இல் நார்வே படையெடுப்பில் சென்றது. 1945 ஜனவரியில், ரஷ்யப் படை நெருங்கியபோது, முன்னாள் ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க்கின் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு கிழக்கு பிரஷ்யாவின் கொனிக்ஸ்பர்க்கை விட்டு வெளியேறியது. ஏப்ரலில் கீல் துறைமுகத்தில் விமானக் குண்டுகள் பட்டு முடங்கியது. மே மாதம் சொந்தக்காரர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் நகரங்களை இரவில் பயமுறுத்திய பெயர், இந்த முறை வானத்திலிருந்து வந்த குண்டில் முடங்கியது.

தமிழில் அந்தப் பெயருக்கு முடக்கம் வரவில்லை. ஒரு சின்னச் சிக்கல்தான் வந்தது. 2006இல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம். கண்டிப்பான அப்பா, நடுங்கும் பிள்ளை. தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று அரசு அறிவித்த நேரம். படம் ‘எம் மகன்’ என்று மாறியது. தமிழனாகி தொண்ணூறு வருடம் ஆன பிறகும் எம்டனுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ‘எம்’ மட்டும் மிஞ்சியது, அதுவும் வேறு பொருளில்.

ஆம்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. இங்கே தைக்கும் செருப்புகளில் கணிசமானவை ஜெர்மனிக்குப் போகின்றன. சரக்கைப் பார்க்க அங்கிருந்து ஆள் வந்தால் அவருக்கு ‘பையர்’ என்றுதான் பெயர். எம்டன் என்ற பட்டம் அவருக்கு முன்னால் கைகட்டி நிற்கும் நம்மூர் சூப்பர்வைசருக்கே.

அன்று அந்தப் பெண் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். “எம்டன் நிக்குது” என்றாள். நிக்கிறார் என்றோ நிக்கிறான் என்றோ சொல்லவில்லை. விகுதி கொடுத்து ஒரு கப்பலை ஆளாக்க நமக்கு ஒரு போர் தேவைப்பட்டது. அந்த ஆளை மறுபடி கப்பலாக்க, தாமதமாகிவிட்ட ஒரு காலை நேரம் அவளுக்குப் போதுமாக இருந்தது.